நிறம் காக்கும் வள்ளலே!

முப்பதாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் மடிக்கணினியே, டிசைன் படிக்கப்போகும் பிள்ளைகளின் குலதெய்வமே, உன் பெருமையைப் பாடாமல் இருக்க முடியவில்லை.

ஜூன் மாதக் கடையில் நீ வீற்றிருக்கும் கோலமே தனி. கீபோர்டின் ஓரமெங்கும் பதக்கம் பதக்கமாக ஸ்டிக்கர்கள். பக்கத்தில் இலவசப் பை, இலவச மவுஸ், ஒரு மாதம் மட்டும் உயிரோடிருக்கும் ஆன்டிவைரஸ். "பொண்ணு விஸ்காம் சேர்ந்திருக்கா. டிசைன் வேலைக்கு ஆகுமா தம்பி?" என்று அப்பா கேட்கிறார். "தாராளமா ஓடும் சார்" என்று கடைப்பையன் உனக்காக வாக்குக் கொடுக்கிறான். அடகுக் கடைக்குப் போன அம்மாவின் வளையலுக்கு அந்த வாக்கு ஒன்றுதான் பிணை.

உன் முதல் பெருமை உன் திரை. நிறத்தை உன்னைப் போல் சிக்கனமாகச் செலவழிப்பவர் யார்? திரைகளுக்கெல்லாம் பொதுவான நிற அளவாக எஸ்ஆர்ஜிபி 1999-லேயே சர்வதேசத் தரமாகிவிட்டது. அதை முழுதும் காட்ட, என்டிஎஸ்சி என்ற இன்னொரு நிற அளவின் கணக்கில் 72 சதவீதம் வேண்டும். நீ 45 சதவீதத்தோடு போதுமென்ற மனம் படைத்தவன். பத்துப் பங்கு நிறம் கேட்டால் ஆறு பங்கு தருகிறாய். மீதி நாலைக் களவு போகாமல் காக்கிறாய். குங்குமச் சிவப்பு உன்னிடம் வந்தால் செங்கல் நிறத்துக்கு அடங்கிவிடும். மயில் கழுத்து நீலம் வெளுத்த சட்டையாகும்.

அந்தப் பெண் பாவம், நிறம் போதவில்லை என்று கூட்டுகிறாள், இன்னும் கூட்டுகிறாள். உன் திரையில் ஒருவழியாக அழகு கூடி வருகிறது. அந்தக் கோப்பு சிவகாசிக்குப் போய்க் கல்யாணப் பத்திரிகையாகத் திரும்பும்போது, மணப்பெண்ணின் முகம் ஆரஞ்சுப் பழமாக வந்து நிற்கிறது. அச்சுக்கூலி வடிவமைத்தவள் தலையில். உன் மேல் ஒரு சொல் பழி வருவதில்லை. 'பிள்ளைக்குக் கலர் சென்ஸ் இல்லை' என்று ஊர் சொல்கிறது. எவ்வளவு நல்ல பெயரோடு வாழ்கிறாய் நீ!

உன் குலத்தில் டிஎன் திரை பெற்றவர்களின் ஈகை இதற்கும் மேலே. நேரே பார்த்தால் ஒரு போஸ்டர், சற்றே சாய்ந்து பார்த்தால் வேறொரு போஸ்டர். ஒரு விலைக்கு இரண்டு.

என்றும் இளமையோடு இருக்கும் வித்தையையும் நீ அறிவாய். ரைசன் 5 7520யு என்று பிராசசரின் பெயர் உன் நெற்றியில் எழுதியிருக்கிறது. முதல் இலக்கமான 7, இது 2023-ன் வரவு என்று உரக்கச் சொல்கிறது. மூன்றாம் இலக்கமான 2, உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 கட்டமைப்பு என்று மெல்லச் சொல்கிறது. உரத்த குரலைக் கேட்டுத்தானே எங்கள் வீடுகளில் பணம் எண்ணுகிறோம்?

கொண்ட கொள்கையிலும் நீ அசையாதவன். 8 ஜிபி ரேமை மதர்போர்டோடு சால்டர் செய்து வைத்திருக்கிறாய். இன்னொன்று வாசலில் வந்து நின்றாலும் கதவு திறக்காது. போட்டோஷாப்பைத் தயாரிப்பவர்களே 8 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள். உன் எட்டில் விண்டோஸ் முதல் பந்தியில் உட்காரும். தனக்கென்று நினைவகம் இல்லாத கிராபிக்ஸும் அதே இலையில் கைவைக்கும். மிச்சத்தில்தான் அந்தப் பெண்ணின் முப்பது லேயர்கள் பசியாற வேண்டும். சப்மிஷனுக்கு முந்தின இரவு, சுழலும் வட்டத்தைக் காட்டி அவளுக்குப் பொறுமை கற்பிக்கிறாய். கல்லூரி கற்பிக்காத பாடம் அது.

உன் குலத்தில் ரைசன் அல்லாத சிலரின் பணிவும் பெரிது. அவர்களின் பெட்டியில் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்ற பட்டம் இருக்கும். ஒற்றை ரேமோடு ஒரே சேனலில் ஓடும்போது, விண்டோஸ் அதை வெறும் யுஎச்டி கிராபிக்ஸ் என்றே காட்டும். பட்டத்தைப் பெட்டியோடு துறந்துவிட்டு எளியவர்களாக வீட்டுக்கு வருகிறார்கள்.

அதியமானின் தூதாகப் போன ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை இப்படித்தான் புகழ்ந்தாள். புறநானூற்றின் 95-ஆம் பாடல் அது. 'மயிற்பீலியும் மாலையும் நெய்ப்பூச்சுமாக உன் ஆயுதங்கள் காவலுக்குள் எவ்வளவு அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவை முனை உடைந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன' என்றாள். எந்த வேல் போருக்குப் போனது என்பதைச் சொல்ல அவளுக்கு அதற்குமேல் ஒரு சொல் தேவைப்படவில்லை.

நம் ஊர்க் கொல்லன் பட்டறை சென்னை ரிச்சி தெரு. நிறுவனங்களில் உழைத்துக் கைமாறிய மடிக்கணினிகள் அங்கே கிடக்கின்றன. மூடியில் கீறல், கீபோர்டில் எழுத்துத் தேய்ந்திருக்கும், ஸ்டிக்கர் உரிந்திருக்கும். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு ரேம் ஸ்லாட் உண்டு, 16 ஜிபி ஆக்கலாம். திரை மங்கலாக இருந்தால், எஸ்ஆர்ஜிபியை ஏறக்குறைய முழுதும் காட்டும் ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளலாம். பார்க்க அழகில்லை, வேலைக்கு ஆகும்.

குறைந்த விலை குற்றமில்லை. கணக்கெழுதவும் கட்டுரை தட்டவும் பாடம் பார்க்கவும் இந்த மடிக்கணினி போதும். நிறத்தையே தொழிலாகப் படிக்கும் பிள்ளைக்கும் இது போதும் என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

பெற்றோர்களே, மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மென்பொருளில் பிடியுங்கள். இங்க்ஸ்கேப்பும் கிரிட்டாவும் இலவசம். பிள்ளையின் கண்ணில் மிச்சம் பிடிக்காதீர்கள். கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். திரை எத்தனை சதவீதம் எஸ்ஆர்ஜிபி? டிஎன் இல்லாமல் ஐபிஎஸ்தானா? ரேமைப் பிறகு கூட்ட முடியுமா? மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாத கடையில் பணம் கட்டாதீர்கள்.