டர்போவிலிருந்து ஏழு சீட்டுக்கு

போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருந்த நண்பர் கேட்காதவர்களிடமும் ஒப்பிப்பார்: 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி, நூறைத் தொட 9.7 விநாடி. 2023 நவம்பரிலிருந்து சென்னைக்குள் காருக்கு 60தான் உச்சவரம்பு, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று போலீஸ் சொல்லிவிட்டது. அதையாவது தொடவிட்டால்தானே கிண்டி!

இரண்டாவது குழந்தை பிறந்தது. ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்தார்கள். பின்சீட்டுக்குள் மாமியார் மடங்கி ஏறியதைப் பார்த்த மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை; அதுவே போதுமாக இருந்தது. மறுவாரம் எர்டிகா சிஎன்ஜி புக்கிங்.

கிலோவுக்கு 26 கிலோமீட்டர் என்று கம்பெனி கணக்கு. டிக்கியில் சிலிண்டர் குடியேறிவிட்டதால் பெட்டிகள் மாமனார் மடியில். நண்பர் இப்போது கேஸ் பங்க் வரிசையில் பொறுமையாக நிற்கிறார். மே மாதத்தில் ஏசியை அணைத்துவிட்டுக் காற்றோட்டத்தின் அருமை பற்றிப் பேசுகிறார்.

ஒரே தொல்லை, ஏர்போர்ட் வாசலில் நிறுத்தினால் முன்பின் தெரியாதவர்கள் கதவைத் திறந்து ஏறி ஓடிபி சொல்கிறார்கள். வெள்ளை நம்பர் பிளேட்டைக் காட்டி இறக்கிவிடுகிறார். போன வாரம் ஒருவர் தாம்பரம் என்றாராம். இவர் போகிற வழிதான். கொஞ்சம் யோசித்தாராம்.