ஆறுதலாகத் தீவு பார்ப்பவர்

ஆறுதலாகத் தீவு பார்ப்பவர் என்பவர் ஆடி, ஆவணி மாதங்களில் யாழ்ப்பாணத்தில் தென்படும் ஒருவகை மனிதர். லண்டனிலும் டொரன்டோவிலும் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் இவரது வரவு தொடங்கும். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி எண்ணிக்கை கூடும். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு மைத்துனர், வாடகை வான் ஒன்று ஆகியவை உடன் காணப்படும். "நாளைக்கு ஒரு வேலையும் இல்லை, ஆறுதலாத் தீவுப் பக்கம் போட்டு வருவம்" என்று முதல்நாள் இரவு சொல்வதுதான் இவரை அடையாளம் காணும் முதல் குறி. யாழ்ப்பாணப் பேச்சில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல் என்று பொருள். அப்படிச் சொல்லிவிட்டுப் படுக்கும் இவர் அலாரத்தை நாலரை மணிக்கு வைப்பார்.

இவரது கைப்பையில் வெயிலுக்குப் பூசும் கிறீம், வாந்திக் குளிசை, தண்ணீர்ப் போத்தல்கள், நேர அட்டவணை ஆகியவை இருக்கும். மாமியார் கட்டிக் கொடுத்த இடியப்பப் பார்சல் மைத்துனரின் மடியில் இருக்கும். அட்டவணையில் சாப்பாட்டுக்கு நேரம் ஒதுக்கப்பட்டிராது.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் வருவது அல்லைப்பிட்டி. அது வேலணைத் தீவைச் சேர்ந்தது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு இருபுறமும் கடல் விரிந்து கிடக்க வாணர் தாம்போதி வழியாகப் போகவேண்டும். ஆக, வான் நிற்பதற்குள் இரண்டு தீவுகள் வந்துவிடுகின்றன. அவற்றை இவர் கவனிப்பதில்லை. அந்த நேரத்தில் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருப்பார். வான் ஓடுகிற இடமெல்லாம் இவர் கணக்கில் வெறும் றோட்டு. படகு ஏறினால்தான் தீவு.

புங்குடுதீவின் மேற்கு முனையில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் இவரது குணம் முழுமையாக வெளிப்படும். நயினாதீவுக்கு அடிக்கடி படகு உண்டு. கால் மணி நேரத்தில் போய்விடலாம். நெடுந்தீவுக்கு ஒரு நாளில் சில படகுகள்தான்; கடலில் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் நெடுந்தீவை முதலில் முடிப்பார்கள். இவரும் அதையே செய்வார், ஆனால் ஐந்து பேரிடம் கேட்ட பிறகு.

"தம்பி, படகு சரியா எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?"

"சனம் ஏறினவுடனை வெளிக்கிடும் ஐயா."

இந்தப் பதிலை அட்டவணையில் எழுத இடமிருக்காது.

படகுக்குள் அரிசி மூட்டை, சிமெந்துப் பை, எரிவாயு சிலிண்டர், சைக்கிள், அவற்றுக்கு இடையில் ஆட்கள். நெடுந்தீவு ஆச்சி ஒருவர் மூட்டையில் சாய்ந்து, படகு கரையை விட்டு விலகுமுன் கண்ணை மூடிவிடுவார். ஆறுதலாகப் போக வந்தவரோ உயிர்காப்பு அங்கியின் வார்களை இழுத்துக் கட்டியபடி, ஒரு மணி நேரமும் நின்றுகொண்டே கடலைப் படம் பிடிப்பார். இடையிடையே பிள்ளைகளுக்கு வரலாறும் நடக்கும். 17ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களை இங்குள்ள தீவுகளுக்குச் சூட்டினார்கள்: காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது. மற்றவை ஒல்லாந்தரோடு கப்பலேறிப் போய்விட்டன. பிள்ளைகள் இதைக் காதில் வாங்குவதில்லை. ஆச்சிதான் ஒரு கண்ணைத் திறந்து, "நெடுந்தீவெண்டு சொல்லும் மேனை" என்பார்.

நெடுந்தீவில் ஆட்டோ பிடித்ததும் பார்வையிடல் ஆரம்பமாகும். பவளக்கற்களை அடுக்கிய வேலிகள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்க மரம், சிதைந்த கோட்டை, பழைய புறாக்கூடு, அந்நியர் ஆண்ட காலத்தில் வந்து காடேறிப்போன மட்டக்குதிரைகள் என வரிசையாக எல்லாம் நடக்கும். குதிரைகள் அசையாமல் நின்று இவரைப் பார்க்கும். இவர் அசைந்தபடியே அவற்றைப் பார்ப்பார். ஊரார் வளர்வதாக நம்பும் கல் ஒன்றும் உண்டு. நான்கு நிமிடம் நின்று பார்த்தும் வளர்ச்சி தெரியாததால் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்.

கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான் என்ற பயத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகவே துறைக்கு வந்துவிடுவார். போனில் பற்றரி இருக்காது. பார்க்கவேண்டியவை முடிந்திருக்கும். வேறு வழியின்றி நிழலில் குந்தி, மைத்துனர் அவிழ்த்த இடியப்பத்தைச் சம்பலோடு சாப்பிட்டு, நுங்கு உறிஞ்சி, கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஒரு மணி நேரத்தைப் பின்னர் அவர் "வீணாப்போன நேரம்" என்றே குறிப்பிடுவார்.

பிற்பகலில் நயினாதீவு. படகிலிருந்தே நாகபூஷணி அம்மன் கோபுரம் தெரியும். சட்டையைக் கழற்றி உள்ளே போகும்போது, கிறீம் பூசிய இடமும் பூசாத இடமும் எல்லை பிரித்துத் தெரியும். அம்மனிடம் அவர் கேட்பது அடுத்த படகு பிந்தக்கூடாது என்பதையே. சற்றுத் தள்ளியுள்ள நாகவிகாரையில், தெற்கிலிருந்து வெள்ளை உடுப்பில் வந்த சிங்களக் குடும்பங்கள் மர நிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அவர்கள் பக்கத்தால் இவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நடப்பார்.

மாலையில் குறிகட்டுவானில் வானில் ஏறியதும் கணக்கு ஒப்புவிக்கப்படும்: "ஒரு நாளிலை ரெண்டு தீவு முடிச்சாச்சு."

வான் சாரதி, "நாலு ஐயா" என்பார். விளக்கம் சொல்லும் அளவுக்கு அவருக்கு அவசரம் இருக்காது.

அந்த மற்ற இரண்டு தீவுகளும் திரும்பும் வழியிலும் வரும். அப்போது இருட்டியிருக்கும், ஆறுதலாகத் தீவு பார்க்க வந்தவர் வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருப்பார்.