ஒரு சின்னத் திருத்தம்

ரோட்டரி சங்கக் கூட்டத்தில் தீர்மானத்தை முன்மொழிந்தாயிற்று. வழிமொழிய ஒருவர் பாதி எழுந்துவிட்டார். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து, "ஒரு சின்னத் திருத்தம், பிரசிடென்ட்" என்று குரல் வரும். குரலுக்கு உரியவருக்குத் தீர்மானத்தின்மேல் விரோதம் கிடையாது. பத்துப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுப்பதை அவர் மனதார ஆதரிப்பவர்தான். தம் கை படாமல் அது நிறைவேறிவிடக் கூடாது, அவ்வளவே. சந்தேகமிருந்தால் அவர் திருத்தங்களைப் பாருங்கள். மெஷின் வாங்கப் பணம் எங்கிருந்து வரும், பெண்களைத் தேர்ந்தெடுப்பது யார் என்றெல்லாம் அவர் கேட்பதில்லை. மெஷினில் ஒட்டும் ஸ்டிக்கரில் ரோட்டரிச் சக்கரம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். அழைப்பிதழில் முன்னாள் தலைவர்கள் பதவி வகித்த ஆண்டு வரிசையில் வர வேண்டும். அகர வரிசை கூடாது (அவர் பெயர் 'வ'வில் தொடங்குகிறது). இதை ஏற்றுக்கொண்டால் உட்கார்ந்துவிடுவார் என்று நம்புகிறவர்கள் புது உறுப்பினர்கள். தம் திருத்தத்துக்கே ஒரு திருத்தம் அவரிடம் தயாராக இருக்கும்.

விதி பார்க்க ஒருவர் வேண்டாமா, இல்லாவிட்டால் சங்கம் தலைவரின் சொந்தக் கடையாகிவிடாதா என்பார்கள். வேண்டும்தான். கணக்கில் கேள்வி கேட்கிறவரைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். ஆனால் நம்மவர் அடிக்கொரு தரம் மேற்கோள் காட்டும் விதிநூலே அவர் பக்கம் இல்லை. ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1863இல் ஒரு கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, அடக்க முடியாமல் திணறியவர். அந்த அவமானத்தில் பிறந்து 1876இல் வெளியான அவருடைய நூல், திருத்தத்துக்குத் திருத்தம் வரை பொறுத்துக்கொள்கிறது; அதற்கும் ஒரு திருத்தம் என்றால் கதவைச் சாத்திவிடுகிறது. ஒரே பிரச்சினையில் ஒருவர் ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் பேசவும் முடியாது. கூட்டம் முடிய வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட நூல் அது. ரோட்டரியின் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் 1923இல் நிறைவேறிய 23-34ஆம் தீர்மானத்தையும் நம்மவர் விடுவதில்லை. சேவை மனநிலையாக மட்டும் நின்றுவிடாமல் செயலாக வேண்டும் என்று சொல்வதே அந்தத் தீர்மானம்தான்.

மனிதர் நல்லவர். சந்தா பாக்கி வைத்ததில்லை. ரத்ததான முகாமுக்கு முதல் ஆளாக வருவார். பெரியவர், பேசிவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிடலாம் என்றால், காலண்டர் விடமாட்டேன் என்கிறது. ரோட்டரி ஆண்டு ஜூன் 30உடன் முடிகிறது. ஏப்ரலில் வந்த தீர்மானம் சக்கரத்தின் இடவலத்தில் இரண்டு கூட்டங்களைத் தொலைத்தால், ஜூலை 1இல் புதுத் தலைவர் தம்முடைய கண் சிகிச்சை முகாமோடு வந்து நிற்பார். பழையது ஃபைலுக்குப் போகும். மெஷினுக்குக் காத்திருக்கும் பெண்களில் ஒருவர்கூட ஸ்டிக்கர் எந்தப் பக்கம் என்று பார்க்கப் போவதில்லை. அவர்கள் மெஷின் வருமா என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் அகர வரிசை பேசுவது சேவையில் சேர்த்தி இல்லை, வெறும் சுயமோகம். தலைவர்களே, அடுத்த முறை அந்தக் குரல் மூன்றாம் தரம் எழும்போது, உங்கள் முன்னால் இருக்கும் மணியை அடித்துத் தீர்மானத்தை ஓட்டுக்கு விடுங்கள்.