மெழுகுதிரிக்குச் சொந்தக்காரர் யார்?

பிப்ரவரி 2. ஐரோப்பாக்காரன் கணக்குக்கு இது பனிக்காலம். குமரி மாவட்ட மார்த்தாண்டத்தில் ரப்பர் தளிர்க்கும் நேரம். வெயிலில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. லத்தீன் கோயிலில் சாமியார் மெழுகுதிரி மந்திரிப்பார். குழந்தை இயேசுவைப் பெற்றோர் ஆலயத்தில் ஒப்புக்கொடுத்த நாள் இது. மலங்கரைக் கிறிஸ்தவர்களுக்கு இதுவே மாயல்தோ பெருநாள். வாட்ஸ்அப்பில் ஒரு ஆராய்ச்சியாளர் கிளம்புவார்: “எல்லாம் ரோமானியரிடம் சுட்டது!”

இந்த வதந்தியைக் கிளப்பியது எந்த நாத்திகர் என்று தேடினால் தலை சுற்றுகிறது. பிரசங்கத்தில் இதைச் சொன்னவர் மூன்றாம் இன்னொசென்ட். ஆமாம், போப்பாண்டவரேதான்! மகள் புரொசெர்ப்பினாவைத் தாய் தேவி தேடியதன் நினைவாகப் புறசாதியார் தீப்பந்தத்தோடு சுற்றிய நாளை நாம் மாதாவுக்கு மாற்றிவிட்டோம் என்று பெருமை. எதிரியின் வீட்டைப் பிடித்தோம் என்று இவர் பீற்றியதைத்தான், ‘திருட்டு’ என்று எதிராளி இன்று ஃபார்வர்ட் செய்கிறார்.

16ஆம் நூற்றாண்டில் கர்தினால் பரோனியுஸ் வந்தார். லூப்பர்காலியா என்ற ரோமானிய விழாவை ஒழித்து இந்த விழாவை வைத்தவர் ஐந்தாம் நூற்றாண்டுப் போப் கெலாசியுஸ் என்றார். கெலாசியுஸ் அந்த விழாவைத் திட்டிக் கடிதம் எழுதியது உண்மை. அதில் மெழுகுதிரி பற்றி மூச்சே இல்லை. ரோமில் இந்த நாளுக்கு ஊர்வலம் வைத்த போப் செர்ஜியுஸ் பிறக்கவே இன்னும் நூற்றுச் சொச்சம் வருஷம் இருந்தது.

லூப்பர்காலியா என்ன விழா தெரியுமா? அரைகுறைத் துணியோடு வாலிபர்கள் ஓடி, எதிர்ப்படும் பெண்களை ஆட்டுத்தோல் வாரால் விளாசுவார்கள். கி.மு. 44இல் அப்படி ஓடிய மார்க் ஆண்டனி, நடுவில் நின்று சீசருக்குக் கிரீடம் நீட்டினார். இதை நிறுத்திவிட்டுப் பதிலுக்கு ஆலயத்துக்கு வந்த ஒரு கைக்குழந்தை, அதை ஏந்திய சிமியோன் தாத்தா, காணிக்கைக்கு ஜோடிப் புறா என்றால் எந்த வாலிபன் ஒத்துக்கொள்வான், மக்களே?

நிஜக் காரணம் வெறும் கூட்டல். ஆண் குழந்தை பெற்ற தாய்க்கு 40 நாள் தீட்டு, பிறகுதான் ஆலயம் என்கிறது லேவியராகமம். நாலாம் நூற்றாண்டில் எருசலேம் போன எகேரியா அம்மாள், ஜனவரி 6இலிருந்து (அங்கே அப்போது அதுதான் கிறிஸ்து பிறப்பு) 40ஆம் நாளில் இந்த விழாவைப் பார்த்தார். அது பிப்ரவரி 14. கிறிஸ்து பிறப்பு டிசம்பர் 25க்கு நகர, இதுவும் பின்னாலேயே நகர்ந்தது. சிமியோன் குழந்தையை ‘ஒளி’ என்றார், திரி வந்துவிட்டது.

அந்தத் திரி தேன்மெழுகில்தான் இருக்கவேண்டும் என்று அந்தக் காலத்தில் திருச்சபைக்குப் பிடிவாதம். தேனீ கன்னியாம்! ராணி ஈ வானத்தில் எத்தனை ஆண் ஈக்களோடு கூடிவிட்டுத் திரும்புகிறது என்று மார்த்தாண்டத்தில் எந்தத் தேன்காரரையும் கேட்டிருக்கலாம்.

1548இல் இங்கிலாந்துப் புராட்டஸ்டண்டுகள் இந்தத் திரிக்குத் தடை போட்டார்கள். இங்கே தடையே தேவைப்படவில்லை. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். மெஷினில் சுற்றினால் தேன் மட்டும் இறங்கும். அடை முழுசாகப் பெட்டிக்கே திரும்பும். தேன் 2023இல் புவிசார் குறியீடு வரை போய்விட்டது. மெழுகுக்குத்தான் பஞ்சம், திரிக்குப் பாரஃபின். தென்னாட்டுத் தேனீக்கு அளவெடுத்து அந்த மாதிரிப் பெட்டியைச் செய்தவர் நியூட்டன். ஆப்பிள்காரர் இல்லை, திருச்சியிலிருந்த ஒரு கத்தோலிக்கச் சாமியார்.