முகாம் ஊர்க் கோட்பாடு: கூமாப்பட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஐரோப்பா சுற்றப் போகிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. ஊருக்கு ஊர் பெட்டி தூக்காமல், ஒரே ஊரில் ரூம் போட்டு, தினம் ஒரு ஊரைப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பிவிடுவார்கள். புரூசல்ஸில் தங்கினால் கெண்ட் அரை மணி, புரூஜ் ஒரு மணி. முனிக்கில் தங்கினால் காலையில் ரயிலேறி, எல்லை தாண்டி, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

இந்தச் சித்தாந்தம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் செல்லுபடியாகுமா என்று ஆராயும் அவசியம் 2025 ஜூனில் வந்தது. அந்த அடிவாரத்துக் கூமாப்பட்டியின் இளைஞர் ஒருவர் தன் ஊரைக் காட்டி இன்ஸ்டாகிராமில் "ஏங்க" என்று ஒரு குரல் கொடுத்தார். தமிழ்நாடு திரும்பிப் பார்த்தது. பார்த்ததில் பாதிப்பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பஸ் ஏறிய பிறகுதான் கேள்வி பிறந்தது: ராத்திரி எங்கே படுப்பது?

2. கலைச்சொல் விளக்கம்

'முகாம் ஊர்' எனப்படுவது, பெட்டி இருக்கும் ஊர். 'பயண ஊர்' எனப்படுவது, பெட்டி இல்லாமல் நாம் மட்டும் இருக்கும் ஊர். காலையில் போய் ராத்திரிக்குள் திரும்புவதற்கு ஐரோப்பியர் தனிச்சொல் தேடவேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் தமிழர் "போறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வார். அவசரத்தில் போவதையே விட்டுவிட்டு "வாரேன்" என்று மட்டும் சொல்லிக் கிளம்புவார். திரும்பி வருவது பயணத்தின் முதல் வார்த்தையிலேயே உறுதியாகிவிடுகிறது.

3. போட்டி ஊர்கள்

அ) கூமாப்பட்டி: மேற்கே மலை, பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள், தென்னந்தோப்பு, வயல். ஆனால் பார்க்கவேண்டிய ஊரிலேயே தங்கிவிட்டால் அது முகாம் ஊர் ஆகாது. கோட்பாடு அடிபடும். எனவே நிராகரிக்கப்பட்டது.

ஆ) வத்திராயிருப்பு: கூமாப்பட்டிக்குப் பக்கம். சதுரகிரி மலை ஏறுகிறவர்களுக்கு அதன் தாணிப்பாறை அடிவாரமும் பக்கம். ஆனால் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் இங்கே இடம் பிடிப்பது, மலை ஏறுவதைவிடக் கடினம்.

இ) ராஜபாளையம்: மில் ஊர். சுதந்திர இந்தியாவின் சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஊர். தன் பெயரில் ஒரு நாய் இனமே வைத்திருக்கிற ஊர். அய்யனார் அருவிக்கும், தெற்கே சங்கரன்கோவில், குற்றாலத்துக்கும் இதுதான் வசதி. ஆனால் கூமாப்பட்டி போவதற்குச் சுமார் 12 கிலோமீட்டர் பின்னால் வந்து, அடுத்து சொல்லப்போகும் ஊரைத் தொட்டுத்தான் போகவேண்டும்.

ஈ) ஸ்ரீவில்லிபுத்தூர், அதாவது பேச்சு வழக்கில் சீவில்லிபுத்தூர்: வடக்கே கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, தெற்கே ராஜபாளையம், கிழக்கே சிவகாசி, மேற்கே சாம்பல் நிற அணிலுக்கென்று 1988-இல் சரணாலயம் ஆன மலை. சென்னையில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் ராஜபாளையத்துக்கு முன்பே வந்துவிடுகிறது.

4. வரலாற்றுச் சான்று

நான்காவது ஊருக்கு ஆதரவாக வலுவான சான்று ஒன்று உண்டு. ஆண்டாள் சூடிய மாலை இங்கிருந்துதான் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அணியவும் மதுரைக்குப் போகிறது. போவது மாலைதான், ஆண்டாள் அல்ல. ஆண்டாள் சந்நிதியிலேயே இருக்கிறாள். முகாம் மாறாத பயணத்துக்கு இதைவிட மூத்த முன்மாதிரி முனிக்கில் கிடைக்காது.

எதிர்ச்சான்றையும் மறைக்கக்கூடாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்ப் பால்கோவாவுக்கு ஆயுள் சில நாள்தான். ஊருக்குக் கொண்டுபோகக் கடைசி நாளில் வாங்கவேண்டியதை, இங்கேயே தங்குகிறவர் முதல் நாள் ராத்திரியே வாங்கிவிடுகிறார். இவ்வாய்வில் அரைக்கிலோ பொட்டலம் இரண்டாம் நாள் காலையைப் பார்க்கவில்லை.

5. கள ஆய்வு

சீவில்லிபுத்தூரில் ரூம் எடுத்த லாட்ஜின் பெரிய லெட்ஜரில், பச்சை மையில் கோடு போட்ட ஒரு கட்டம்: 'அடுத்து செல்லும் ஊர்'. தினமும் ஓர் ஊருக்குப் போய் இங்கேயே திரும்பப்போகிறவன் அதில் என்ன எழுதுவது? 'இதே ஊர்' என்று எழுதினேன். மேனேஜர் என்னை ஒருமுறை, ஆதார் அட்டையை ஒருமுறை பார்த்தார்.

குளியலறைக் கதவில் 'வெந்நீர் காலை 6 முதல் 8 வரை' என்று ஒட்டியிருந்தது. சதுரகிரி ஏறுகிறவர் அதற்கு முன்பே கிளம்பவேண்டும். பச்சைத்தண்ணீரில் குளிப்பது மலைக்குச் சேர்ந்த விரதம் என்று கொள்க.

6. கோட்பாட்டைக் குலைக்கும் காரணி

தூரம், பஸ், வெந்நீர் எல்லாவற்றையும் ஒரே அடியில் தள்ளிவிடும் காரணி சித்தி வீடு. ராஜபாளையத்தில் சித்தி இருக்கும்போது சீவில்லிபுத்தூரில் ரூம் போட்டால், பெட்டியைத் திறப்பதற்குள் போன் வரும்: "நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" இக்கேள்விக்கு ஐரோப்பிய அறிஞர்களிடம் பதில் இல்லை. சித்தி வீட்டில் தங்கினாலோ இட்லி முடிய 10 மணி, மதியச் சாப்பாட்டுக்கு 1 மணி. இடையில் கிடைக்கும் 3 மணி நேரத்தில் எந்த அணைக்கும் போய்த் திரும்ப முடியாது.

7. முடிவு

மூன்றாம் நாள் கூமாப்பட்டி பஸ் ஸ்டாப்பில், தூக்குவாளியும் ஒரு சாக்கு மாங்காயுமாக ஒரு பாட்டி நின்றிருந்தார்.

"சீவில்லிபுத்தூருக்கா பாட்டி? அங்க எங்க தங்குவீங்க?"

"தங்குறதா? வித்து முடிச்சதும் மத்தியானக் கார்ல வந்துருவேன். நீங்க எங்கருந்து வாரீக?"

"சீவில்லிபுத்தூர்ல ரூம் போட்டு, இந்த ஊரைப் பார்க்க வந்தேன்."

"இதப் பாக்கவா அங்க போயிப் படுத்துக்கெடக்கீக?"

பஸ் வந்தது. டீக்கடைக்காரரைப் பார்த்து "வாரேன்ப்பா" என்று சொல்லி ஏறிக்கொண்டார். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார். நாங்கள் முகாம் ஊர் என்று பெயர் சூட்டி ஆராய்ந்ததை, அந்தப் பாட்டி எத்தனையோ மாங்காய்ப் பருவங்களாகக் கூமாப்பட்டியில் இருந்துகொண்டே செய்துவருகிறார். 3(அ)-இல் நிராகரிக்கப்பட்ட ஊர் இதன்மூலம் மீண்டும் பட்டியலில் சேர்க்கப்படுகிறது.

அன்று மாலை ரூமைக் காலி செய்தேன். லெட்ஜரை மூடிய மேனேஜர், "போயிட்டு வாங்க" என்றார். காலி செய்பவரிடமும் ஏன் அதையே சொல்கிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.