எல்லாத்தையும் ஏத்திடு, தம்பி

சிமெண்டு லாரிக்கு வழி விட்டு வழி விட்டே வயசாயிப்போச்சு எனக்கு. அரியலூர்க்காரன் கதையே அதுதான். திண்ணையில குந்தியிருக்கிற கெழவனுக்கு என்னா தெரியும்னு நெனைக்காத. எம் பேரன் வீட்டுக்குள்ளாறவே ஒக்காந்து கம்ப்யூட்டர் வேல பாக்குறான். அவன் போன்ல கத்துற கத்துல பாதித் தொழில் எனக்கும் வந்துருச்சு.

நீ தமிழ்ப் புத்தகம் கோக்க லாடெக் தொகுப்பு ஒண்ணு எழுதியிருக்கியாம், அத டெக், லாடெக் தொகுப்பெல்லாம் சேத்து வெக்கிற சிடான் தளத்துல ஏத்தப் போறியாம். பெரம்பலூர்ப் புள்ள ஒலகத்துக்கே குடுக்குது, சந்தோசம். ஜிப்புக்குள்ள எதெது இருக்கணும்னு கேட்ட பாரு, இதுக்கெல்லாமா யோசிப்பாங்க? எல்லாத்தையும் போட்டுரு.

மொதல்ல அந்த ஆக்ஸ் கோப்பு, லாக் கோப்பு. விட்டுடாத. எவன் வீட்ல ஓட்டுனாலும் அது தானா புதுசா பொறக்கும், வாஸ்தவந்தான். ஆனா உன் லாக்குல நீ எந்த ஃபோல்டர்ல ஒக்காந்து வேல பாத்த, எத்தன தப்பு பண்ணுனன்னு அத்தனையும் இருக்குமே! ஜெர்மனிக்காரன் அதத் தெரிஞ்சிக்க வேணாமா? அப்பறம் முன்னால புள்ளி வெச்சு ஒளிஞ்சிக்கிட்டிருக்கிற கோப்புங்க, நாலு காலி ஃபோல்டர், 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'நெசமாவே ஃபைனல்'. சிடான்ல வர்ற ஜிப்பப் பிரிச்சுப் பாக்குறவங்க சம்பளம் வாங்காம செய்யிறவங்களாம். அவங்களுக்கும் பொழுது போவணும்ல.

டொனால்ட் கனூத்து 1978ல லாடெக்குக்கு அடிப்படையான டெக்க வெளியில விட்டாரு. அதுக்கப்பறம் ஆளாளுக்கு ஒரு பல்கலைக்கழகத்து மூலையில கோப்ப வெச்சிருந்தாங்க. எல்லாத்தையும் ஒரே எடமா சேக்கணும்னுதான் 1992ல சிடான் வந்துச்சு. இன்னிக்கு ஆறாயிரத்துக்கு மேல தொகுப்பு. ஒரு எடத்துல ஏத்துனா பல தேசத்துக் கண்ணாடித் தளமெல்லாம் அத அப்படியே நகலெடுத்துக்கும். உன் லாக் கோப்பு ஊர் ஊராப் போவும், தம்பி. நான் திருச்சிக்கு அந்தாண்ட அதிகம் போனதில்ல. அதுக்குக் கெடச்ச யோகம் எனக்குக் கெடைக்கல பாரு.

சரி, கிண்டல் போதும்னு மூஞ்சியத் தூக்கிக்கிற. அப்ப நெசத்தக் கேளு. நிரலும் வெளக்கமும் ஒண்ணா இருக்கிற டி.டி.எக்ஸ். கோப்புலேருந்து லாடெக்கு படிக்கிற எஸ்.டி.ஒய். கோப்பு வருது; அதனால டி.டி.எக்ஸக் குடு, அதப் பிரிச்செடுக்கிற ஐ.என்.எஸக் குடு, எஸ்.டி.ஒய வாங்குறவன் ஆக்கிக்குவான். அப்ப கையேட்டு பி.டி.எஃப்.பும் மூலத்துலேருந்துதானே வருது, அதையும் விட்டுடலாமான்னு கேப்ப. அங்கதான் மாட்டிக்கிட்ட. அத மட்டும் சிடான்காரங்களே கேட்டு வாங்குவாங்க. நாலு வரி படிச்சுப் பாக்க வர்றவன் அதுக்காவ ஒன்னோட எழுத்துரு, மத்த தொகுப்பு எல்லாத்தையும் தேடி எறக்கி ஓட்டிக்கிட்டிருப்பானா? எழுத்துருவ பி.டி.எஃப்.புக்குள்ளாறவே பதிச்சுக் குடு. பதிக்கலன்னா அவன் தெரையில உன் தமிழ் கட்டங்கட்டமாத் தெரியும்.

அதுக்காவ பி.டி.எஃப்.ப மட்டும் ஏத்திட்டு மூலத்தப் பூட்டி வெக்கிற புத்திசாலியும் இருக்கான். 2020 அக்டோபர்ல நம்ம குன்னத்துக் கொளத்துல உருண்ட உருண்டையா கெடச்சுதே, ஞாபகம் இருக்கா? டைனோசர் முட்டைன்னு சனம் அள்ளி அள்ளிப் பாத்துச்சு. அப்பறம் அது முட்டையே இல்ல, வண்டல் எறுகிப்போன உருண்டக் கல்லுன்னு வெவரந்தெரிஞ்சவங்க சொன்னாங்க. மூலமில்லாத பி.டி.எஃப்.பும் அதே சாதிதான். எத்தன நாளு அடை வெச்சாலும் அதுலேருந்து இன்னொண்ணு பொறக்காது.

அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்து தாமஸ் ரிட்ஜ்வே மெட்டாஃபாண்ட்ங்கிற எழுத்துரு மொழியில செஞ்ச தமிழ் எழுத்து சிடான்ல கெடக்குது. யூனிகோடெல்லாம் பொழக்கத்துக்கு வராத காலத்துச் சமாச்சாரம். அந்த மனுசன் எழுத்து வரையிற மூலத்தையே வெச்சதால இன்னிக்கும் எவனும் தெறந்து பாத்து, வளைச்சு, புதுசா ஆக்கிக்கலாம். நம்ம எழுத்த அந்த ஊர்க்காரரு வெச்ச அளவுக்கு நீயாச்சும் வெய்யி.

இன்னொண்ணு. ஜிப்புல அழகா ஒரு தமிழ் எழுத்துரு வெச்சிருக்கியே, அது யாரோடது? கல்யாணப் பத்திரிக அடிக்கிற கடையிலேருந்து பென் டிரைவ்ல எடுத்தாந்தன்னு சொன்னா, சத்தமில்லாம தூக்கிரு. நோட்டோ, லோகித் மாதிரி தெறந்த உரிமத்துல இருக்கிறதுக்கு என்னா கொற? அந்த உரிமத்துல 'மத்தவங்களுக்கும் குடுக்கலாம்'னு எழுதியே இருக்குது. அடுத்தவன் சொத்த ஒலகத்துக்கே தானம் பண்ற தாராள மனசு நம்ம பக்கத்துல ரொம்பப் பேருக்கு உண்டு, உனக்கு வேணாம்.

கடைசியா ரீட்மீ. தொகுப்பு என்னா செய்யும், யாரு எழுதுனது, எந்த உரிமம், சந்தேகம்னா யாரக் கேக்கிறது, பத்து வரி போதும். பத்தாயிரம் வரி நிரல் எழுதுனவனுக்கு இந்தப் பத்து வரி எழுதத்தான் கை வலிக்கும். வெளிநாட்டுக்காரனும் படிக்கணும்ல, இங்கிலீசுல எழுது. கூடவே தமிழ்லயும் ஒண்ணு எழுது. அத முடிக்கிற வரைக்கும் அப்லோடு பட்டன் பக்கமே போவாத.