தார், வச்சிரம், எபாக்ஸி

1987-ல் எங்கள் அல்சூர் சந்தில் மொத்தம் பதினோரு ராமர்கள். ராவணனாக நிற்க ஒருத்தனும் சம்மதிக்காததால் கடைசிவரை போர் நடக்கவில்லை, அம்பு விடுவது மட்டும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷன் ராமாயணம் முடிந்ததும் டி.வி. இருந்த ஒரே வீட்டிலிருந்து கூட்டமாக வெளியே வருவோம். அரை மணி நேரத்துக்குள் சந்தில் நடக்கிற பெரியவர்கள் முதுகைப் பார்த்து நடக்க ஆரம்பிப்பார்கள்.

தொடக்கத்தில் விளக்குமாற்று ஈர்க்குச்சிதான் அம்பு. அதில் கௌரவம் போதவில்லை. ஏரிக்கரை நாணலை அறுத்து வந்து, முனையில் உடைந்த குடைக்கம்பித் துண்டைச் செருகுவது அடுத்த கட்டம். நாணல் உள்ளே குழலாக இருக்கும், கம்பி கச்சிதமாக நுழையும், ஆனால் நிற்காது. அதை நிற்க வைப்பதுதான் எங்கள் தலைமுறையின் பெரிய தொழில்நுட்பச் சவால்.

முதலில் தார். போளூரில் பாட்டி வீட்டுக்குப் போனால் மே மாதம் தெருத் தார் செருப்போடு வரும். அன்றைய பெங்களூர் வெயிலுக்குத் தார் அசையாது. சாலை ஓரத்தில் கட்டியாகப் பெயர்த்து, டப்பா மூடியில் வைத்து, மெழுகுவத்தியில் இளக்கி, கம்பியைத் தோய்த்துச் செருகுவோம். சூட்டோடு நன்றாகத்தான் பிடிக்கும். சாயங்காலக் குளிர் வந்ததும் விறைத்துவிடும். அம்பு சுவரில் பட்டால் கம்பி ஒரு பக்கம், நாணல் ஒரு பக்கம், ராமர் அழுதுகொண்டு ஒரு பக்கம்.

பிறகு சோமேஸ்வரர் கோயில் பின்தெருவில் ஆசாரி தாத்தாவிடம் போனேன். அவர் பட்டறையில் வச்சிரம் காய்ச்சும் நாற்றம் தெருமுனையிலேயே வரவேற்கும். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பிசின் அது, வேறு எப்படி மணக்கும்? வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து அதில் இளக்குவார். நேராக அடுப்பில் வைத்தால் கருகிப் பிடி போய்விடுமாம். ஃபெவிகால் 1959-லேயே வந்துவிட்ட சரக்கு. அவர் அலமாரியிலும் ஒரு டப்பா இருந்தது. நாற்காலிக்கு அது. ஆர்மோனியம் ரிப்பேருக்கு வந்தால் மட்டும் வச்சிரச் சட்டி அடுப்பேறும்.

"ஏன் தாத்தா, வெள்ளைக் கோந்து இதைவிட கெட்டியாச்சே?"

"கெட்டிதான்டா. நாளைக்கு எவனாவது இதைப் பிரிச்சு ரிப்பேர் பண்ண வேணாமா?"

பத்து வயதில் இந்தப் பதில் எனக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. பிரிப்பதற்காக யாராவது ஒட்டுவார்களா? அவர் என் நாணலை வாங்கி, வாய்ப்பக்கம் நூலை இறுக்கிச் சுற்றினார், பிளக்காமல் இருக்க. அப்புறம் ஒரு சொட்டு வச்சிரம் விட்டுக் கம்பியைத் திருகியபடியே உள்ளே இறக்கினார். கூலி கேட்கவில்லை. அந்த அம்பு ஒரு மழைவரை நின்றது. வச்சிரத்துக்குத் தண்ணீர் ஆகாது.

இப்போது என் மகளுக்குப் பதின்மூன்று வயது. வாரம் மூன்று நாள் வில்வித்தைப் பயிற்சிக்குப் போகிறாள். அவளுக்கு ராமரும் வேண்டாம் ராவணனும் வேண்டாம், மஞ்சள் வட்டம் போதும். ஒரு டஜன் கார்பன் அம்பு வாங்கினேன். அச்சகத்தில் என் அப்பா அந்தக் காலத்தில் நான்கு மாதம் வாங்கிய சம்பளம் அது. பெட்டியைத் திறந்தால் அம்புகள் தனி, முனைகள் தனி, சின்ன அலுமினியக் குழல்கள் ஒரு பொட்டலத்தில் தனி. அந்தக் குழலுக்குப் பெயர் இன்சர்ட். அதை அம்புக்குள் ஒட்ட வேண்டும். உள்பக்கம் மரை இருக்கும், முனையை அதில் திருகிக்கொள்ளலாம்.

எதற்கு இந்தச் சுற்று? முனையையே நேராக ஒட்டினால் ஆகாதா? ஆகும். பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்கள் பலரும் அப்படித்தான் ஒட்டுகிறார்கள். இன்சர்ட் முக்கியமாக வேட்டைக்காரர்களின் வசதி. பயிற்சிக்கு ஒரு முனை, மானுக்கு பிளேடு வைத்த முனை என்று மாற்றி மாற்றித் திருகுவதற்காக. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மாற்றித் திருக ஒன்றுமில்லை. ஆனாலும் பொட்டலத்தில் வந்துவிட்டதே, ஒட்டித்தானே ஆகவேண்டும்!

"ஒட்டி எடுத்துட்டு வாங்க சார்" என்றார் கோச். எதால் என்றும் சொன்னார். நான் அப்போது பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போனேன். எஸ்.ஜே.பி. ரோட்டில் இல்லாத கோந்து உலகில் இல்லை. "எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர். "அம்புக்கு." அவர் என்னை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்கு நடத்திய பாடத்தின் சாரம் இது. ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசை காற்றின் ஈரத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடிக்கும், ஆனால் இறுகியபின் கண்ணாடி மாதிரி, அடிபட்டால் விரிசல் விடும். அம்பின் வேலையே அடிபடுவது. இரண்டு டியூப் எபாக்ஸி, அரால்டைட் வகை, பிசினும் கெட்டிப்படுத்தியும் சரிக்குச் சரி கலந்து பூசினால் ஒருநாளில் இறுகி அசையாமல் நிற்கும். கடைசியாக, பசைத் துப்பாக்கியில் போடும் மெழுகுக் குச்சி. "அது பசங்க ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு சார்" என்று அவரே ஒதுக்கிவிட்டார். நானும் ஒதுக்கினேன். இவ்வளவு பணம் போட்ட அம்புக்கு மெழுகா?

எபாக்ஸி டியூபுகளோடு வந்தவனை மாடிப்படியில் மேல்வீட்டு அங்கிள் மடக்கினார். எச்.ஏ.எல்.லில் கார்பன் பாகங்கள் செய்யும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். 2001 ஜனவரி 4-ம் தேதி தேஜஸ் முதன்முதலாக வானேறியதை ஓடுபாதை ஓரமாக நின்று பார்த்ததாகச் சொல்வார். விமான இறக்கையும் கார்பன், என் மகளின் அம்பும் கார்பன் என்பதால் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். அம்பின் வாயை உள்ளே உப்புத்தாளால் லேசாகச் சுரண்டினோம். ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சைவிட்டுத் துடைத்தோம். முதல் பஞ்சு கன்னங்கரேல் என்று வந்தது, ஐந்தாவதுதான் வெள்ளையாக வந்தது. "ஒட்டுறதுல பாதி வேலை துடைக்கிறதுதாம்ப்பா" என்றார். பூசினோம். குழலைத் திருகித் திருகி இறக்கினோம். வழிந்ததைத் துடைத்தோம். ஆறு அம்பு முடிந்ததும் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு அவர் காப்பி குடித்தார், விமானம் ஒன்றை அனுப்பிவைத்தவர் போல.

காலையில் பார்த்தால் இரண்டு அம்பில் குழல் மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு இறுகியிருந்தது. நான்கு அம்பின் பின்நுனியில் இருந்த பிளாஸ்டிக் நாக்கை நான் கழற்றியிருந்தேன், இரண்டில் மறந்துவிட்டேன். குழலை இறக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று போக வழியில்லாமல், ராத்திரி முழுக்க மெல்ல அதை வெளியே தள்ளியிருக்கிறது. விமானத் தொழிலே காற்றோடுதான் என்றாலும் இந்தக் காற்றை அங்கிள் எதிர்பார்க்கவில்லை.

சூடு காட்டிக் கழற்றலாமா என்றேன். தலையை ஆட்டிவிட்டார். "அம்போட உடம்பே அந்தப் பிசின் ஜாதிதான். ஒட்டை இளக்குற சூடு அம்பையும் இளக்கிடும்."

கோச் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சும்னே எதுக்கு சார் எபாக்ஸி? நான் ஹாட் மெல்ட்னு தானே சொன்னேன்?" பள்ளி ப்ராஜெக்ட் மெழுகின் அண்ணன் அது, குறைந்த சூட்டில் இளகும் வகை. குழலில் முனையைத் திருகி, முனையை மட்டும் இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினார். குச்சியைக் குழல்மேல் தேய்த்ததும் இளகிப் படிந்தது. திருகியபடி அம்புக்குள் இறக்கித் தண்ணீரில் முக்கினார். அரை நிமிஷ வேலை. அம்பைத் தீப்பக்கம் கொண்டுபோகவே இல்லை. கழற்ற வேண்டுமானால் நுனியை வெந்நீரில் வைத்து இழுத்தால் போதுமாம். பெண் வளர வளர அம்பு மாறும், அம்பு விரிந்தால் குழலை எடுத்து அடுத்ததில் போடலாம், குழல் வளைந்தால் அம்பைக் காப்பாற்றலாம். "ஒட்டறது யார் வேணா ஒட்டலாம் சார். கழட்ட வரணும்."

முப்பத்துச் சொச்சம் வருஷம் கழித்து, கன்னட உச்சரிப்பில், வச்சிர நாற்றம் இல்லாமல்.

அந்த மாதமே மைசூர் போகிற வழியில் சென்னபட்டணத்தில் நிறுத்தினோம். பொம்மைப் பட்டறையில் ஒருவர் வெட்பாலை மரத்துண்டைக் கடைசலில் சுழலவிட்டு அதன்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் பரவியது, பிறகு தாழை மாதிரி ஓர் ஓலையை வைத்து மினுக்கினார். நான் பொம்மையைப் பார்க்காமல் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூட்டில் இளகும், ஆறினால் பிடிக்கும், மறுபடி சுட்டால் விடும். இதைத்தானே நான் வெளிநாட்டு டப்பாவில் கூரியர் கட்டணத்தோடு வாங்கியிருக்கிறேன்! அம்பு முனை ஒட்டும் பசை மேல்நாட்டிலும் முன்பு அரக்கு கலந்த சரக்காகத்தான் இருந்தது. ராஞ்சியில் அரக்குக்கென்றே 1924-ல் ஆராய்ச்சி நிலையம் வைத்துவிட்டார்கள். மூங்கில் வில்லில் தொடங்கிய தீபிகா குமாரியும் அதே ராஞ்சிக்காரர்தான். நம் முன்னோர்க்கு அரக்கு என்றதும் மாளிகை கட்டிக் கொளுத்தத்தான் தோன்றியது என்று நினைத்திருந்தேன். அதிலிருந்து தப்பிய ஐவரில் ஒருவன் வில்லாளி என்பதை மறந்துவிட்டேன்.

"அப்பா, பொம்மை வாங்கப்போறியா, குச்சி வாங்கப்போறியா?" என்றாள் மகள். இரண்டும் வாங்கினேன். குச்சி அலமாரியில் இருக்கிறது, எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

அந்த இரண்டு எபாக்ஸி அம்புகளை என் மனைவி எடுத்துக்கொண்டாள். பால்கனித் தொட்டியில் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்து நட்டிருக்கிறாள். முனைப்பக்கம் மண்ணுக்குள். மூன்று வருஷமாகத் தினம் தண்ணீர், பெங்களூர் மழை, முன்பு தாரைக்கூட அசைக்காத, இப்போது அசைக்கிற வெயில். போன வாரம் தொட்டி மாற்றும்போது பிடுங்கிப் பார்த்தேன். இன்சர்ட் அதே மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு, அப்படியே நிற்கிறது.